பர்கண்டி பாட்டில் வீட்டுக்கு வந்தால்: லேபிளிலிருந்து கிளாஸ் வரை

தேக்கடி ரிசார்ட் ஒண்ணுல பார் பக்கம் ரொம்ப வருஷம் நின்ன ஆள் நான். அதனால குமுளியில யார் வீட்டுக்கு பிரான்ஸ்லேர்ந்து ஒயின் பாட்டில் வந்தாலும் எனக்குப் போன் வரும். பர்கண்டிங்கிற பிரெஞ்சுப் பகுதியோட சிவப்பு ஒயின்னா எல்லாருக்கும் முதல்ல சொல்றது ஒண்ணுதான்: அதைக் கெடுக்கிறது சூடு. மத்ததெல்லாம் அப்புறம்.

வந்த அன்னிக்கே திறக்காதீங்க. பெட்டியில உருண்டு வந்த பாட்டில், ஒரு வாரமாவது கிடக்கட்டும். அலமாரி மேல, ஃப்ரிட்ஜ் தலையில, டிவி பக்கத்துல வேண்டவே வேண்டாம். பிரான்ஸ்ல பாதாள அறையில 12, 14 டிகிரியில கிடந்த சரக்கு இது. நம்ம வீட்டுல அதுக்குத் தோதான இடம் ஃப்ரிட்ஜோட அடித்தட்டுதான். நியூஸ்பேப்பர் சுத்திப் படுக்க வைங்க. அங்கே குளிர் கொஞ்சம் அதிகம்தான், கார்க்கும் காயும். அதனால வருஷக்கணக்குல சேர்த்து வைக்கிற யோசனையை விட்டுட்டு, சில மாசத்துல குடிச்சிடுங்க. கார்க் மேல தள்ளிக்கிட்டு, கழுத்துல பிசுபிசுன்னு கசிஞ்சிருந்தா வழியிலேயே வெந்துபோயிருக்கலாம். கம்பத்துல கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கலாம்னு கேட்டார் ஒருத்தர். மலை இறங்கினாலே சூடு, செக்போஸ்ட் தாண்டினா மது விதியும் வேற. இங்கேயே குடிங்கன்னுட்டேன்.

இனி லேபிள். திராட்சை பேரைத் தேடாதீங்க, பெரும்பாலும் இருக்காது. பர்கண்டியில நல்ல சிவப்புன்னா பினோ நுவார்ங்கிற திராட்சைதான். லேபிள்ல இருக்கிறது மண்ணோட பேரு. வெறும் 'பூர்கோஞ்'னு (பர்கண்டியோட பிரெஞ்சுப் பேர்) இருந்தா அடிப்படை ரகம். வோல்னே, பொம்மார் மாதிரி ஊர் பேர் இருந்தா ஒரு படி மேல. ஊர் பேரோட 'ப்ரெமியே க்ரூ'ன்னு இருந்தா இன்னொரு படி. உச்சியில 'கிரான் க்ரூ', அது மொத்தமே 33தான். இங்கே ஒரு பொறி இருக்கு. ழெவ்ரேங்கிற ஊர், தன் எல்லைக்குள்ள இருக்கிற பெரிய பேர் வாங்கின ஷாம்பெர்த்தான் தோட்டத்தோட பேரை 1847ல தன் பேரோட ஒட்டிக்கிச்சு. அதனால 'ழெவ்ரே-ஷாம்பெர்த்தான்'னு நீளமா இருந்தா அது ஊர் ஒயின். 'ஷாம்பெர்த்தான்'னு மட்டும் இருந்தா அது கிரான் க்ரூ. பேர் நீளத்தை வச்சு மயங்காதீங்க.

குடும்பத் தோட்டத்து பாட்டில்னா கீழே சின்ன எழுத்துல 'மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்'னு இருக்கும். தோட்டத்துக்காரங்களே அடைச்சதுன்னு அர்த்தம். ஊரெல்லாம் வாங்கிக் கலந்து விக்கிற வியாபாரிகளும் இருக்காங்க, அவங்கள்ல நல்லவங்களும் உண்டு. ஆனா குடும்பப் பேரைப் பார்க்கிறப்ப இனிஷியலையும் பார்த்தே ஆகணும். காரணம் பாகப்பிரிவினை. நெப்போலியன் காலத்து 1804 சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு, அதனால தலைமுறைக்குத் தலைமுறை தோட்டம் துண்டாச்சு. க்ளோ த வூழோன்னு ஒரு தோட்டம், சீத்தோ மடத்துத் துறவிகள் சுவர் எழுப்பி வளர்த்தது. சுமார் 50 ஹெக்டேர்தான், இன்னிக்கு அதுக்கு 80 பேர் அளவுக்குச் சொந்தக்காரங்க. வோன்-ரொமானே ஊர்ல க்ரோ குடும்பம் மட்டும் மிஷெல் க்ரோ, ஆன் க்ரோ, ஆ.எஃப். க்ரோ, க்ரோ ஃப்ரேர் ஏ ஸேர்னு தனித்தனியா ஒயின் போடுது. ஒண்ணு பிடிச்சதுன்னு அடுத்ததை நம்பி வாங்க முடியாது.

விலையைக் கேட்டா என் மச்சினன் சிரிப்பார். கூடலூர்ல பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கார், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல வெட்டுவார். பர்கண்டியில பந்தலே கிடையாது. கொடியைத் தாழ்வாவே வச்சு கவாத்து பண்ணுவாங்க, ஹெக்டேருக்கு 10,000 கொடி, அறுவடை ஒரே ஒரு தடவை. ஊர் ரகச் சிவப்புக்கு ஏக்கருக்கு 1,600 லிட்டர் சுமாருக்கு மேல எடுக்கச் சட்டமே விடாது. விளைச்சல் இவ்வளவுதான்னா விலை ஏறத்தானே செய்யும்.

குடிக்கிற நாள். 'ரூம் டெம்பரேச்சர்'ல குடிக்கணும்னு யாராவது சொன்னா, அது அவங்க ஊர் ரூம். 14லேர்ந்து 16 டிகிரிதான் கணக்கு. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அரைமணி, முக்கால் மணி வெளியே வைங்க. டிசம்பர்ல குமுளியில இன்னும் கொஞ்சம் கூட ஆகும், ஏப்ரல்ல சீக்கிரமே ஆயிடும். பாட்டிலைத் தொட்டா லேசாச் சில்லுன்னு இருக்கணும். பத்து வருஷம் தாண்டின பாட்டில்னா முந்தின நாளே நிமிர்த்தி வைங்க, மண்டி அடியில தங்கட்டும். ஊத்துறப்ப கடைசி வாய் அளவு பாட்டில்லேயே கிடக்கட்டும்.

ஃபாயிலை உதட்டுக்குக் கீழே வெட்டி, ஸ்க்ரூவை நடுவுல நேரா இறக்கி, மெதுவா இழுங்க. கார்க் உடைஞ்சா டீ வடிகட்டி போதும், பதற வேண்டியதில்லை. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிச்சா கார்க் கெட்டது, எவ்வளவு நேரம் காத்தாட வச்சாலும் போகாது.

வயிறு அகண்ட கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு ஊத்துங்க. நிறம் வெளுத்திருக்கேன்னு சந்தேகப்படாதீங்க, பினோவுக்குத் தோல் மெல்லிசு, சாயம் அவ்வளவுதான். ஐஸ், சோடா, ஸ்ப்ரைட் எதையும் கிட்ட விடாதீங்க.

தொட்டுக்க நம்ம ஊர் பீஃப் வறுவல்னு எல்லாரும் ஆசைப்படுவாங்க. மிளகும் மிளகாயும் சேர்ந்தா நாக்குல எரிச்சல்தான் மிஞ்சும், ஒயின் காணாமப் போயிடும். குடம்புளி போட்ட மீன் கறியும் சேராது. ஆப்பமும் காரம் குறைச்ச கோழி இஷ்டுவும் வைங்க, இல்லைன்னா வெண்ணெய்ல வதக்கின காளான். வாத்து கிடைச்சா மசாலாவைப் பாதியாக் குறைச்சு வறுத்துக்கலாம்.

மிச்சம் இருந்தா கார்க்கை அடைச்சு ஃப்ரிட்ஜ்ல நிமிர்த்தி வைங்க. மறுநாள் நல்லாவே இருக்கும், அதுக்கு மேல வாசனை இறங்கிடும்.