கப்ஸில் பிரிண்டர்: மேஜையில் இருப்பதும் அடுத்த அறையில் இருப்பதும்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு இ-சேவை மையம். லினக்ஸ் கணினி இரண்டு, பிரிண்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருள்தான் கப்ஸ். டெபியன், உபுண்டு இரண்டிலும் கப்ஸை நிறுவியதும் உங்கள் பயனர் கணக்கை, பிரிண்டரை நிர்வகிக்க அனுமதி உள்ள எல்பிஅட்மின் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். இதை விட்டுவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் பிரிண்டரைச் சேர்க்க விடாது.

யூஎஸ்பி கேபிளைச் செருகி, பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 திறந்து, அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் ஆட் பிரிண்டர். பெயரில் இடைவெளியும் சாய்கோடும் கூடாது. புதிய மாடல்கள் பலவற்றுக்குத் தனி டிரைவரே வேண்டாம். ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் ஹெச்பி லேசர்ஜெட் 1020தான் வேறு ரகம். அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் தங்காது. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். கரண்ட் போய் வந்தபின் அது ஊமையாக நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். லினக்ஸுக்கான ஹெச்பியின் டிரைவர் தொகுப்பான ஹெச்பிலிப்போடு அதன் பிளக்-இன்னையும் போடுங்கள். ஹெச்பிலிப் வெர்ஷன் மாறினால் பிளக்-இன்னையும் மறுபடி போட வேண்டும்.

அடுத்த அறைக் கணினியும் அச்சிட வேண்டுமா? பிரிண்டர் இருக்கும் கணினியில் பகிர்வை இரண்டு இடத்தில் டிக் செய்ய வேண்டும்: அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் ஒன்று, அந்தப் பிரிண்டரின் அமைப்பில் இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 631 திறந்திருக்கட்டும். தானாகக் கண்டுபிடிக்க யூடிபி 5353-ம் வேண்டும். மறு கணினியில் அதே டிரைவரைத் திரும்பத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோப்பு இரண்டு முறை மாற்றப்பட்டு, தாள் தாளாகக் குப்பை எழுத்து விழும். தனி டிரைவர் கேட்காத ஐபிபி எவ்ரிவேர் போதும்.

பிரிண்டரே வைஃபையிலோ லேன் கேபிளிலோ இருந்தால் ஐபிபி முகவரி கொடுங்கள். பழைய மாடலுக்கு சாக்கெட் முறை, போர்ட் 9100. எதுவானாலும் ரூட்டரில் அதற்கு நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ரூட்டர் அணைந்து எழும்போது ஐபி மாறலாம். நேற்று வேலை செய்தது இன்று செய்யாது.

டெர்மினலில் எல்பிஅட்மின் கட்டளை எழுதுபவர்களுக்கு ஒன்று. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஈ’ ஆப்ஷன், பெயர் தரும் ‘பி’ ஆப்ஷனுக்கு முன்னால் வந்தால் என்கிரிப்ஷன், அதாவது இணைப்பை மறையாக்கு என்று பொருள். பின்னால் வந்தால்தான் பிரிண்டர் வேலையை ஏற்கும். இடம் மாறினால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், அச்சு வராது.

அச்சாகும் நடுவில் கரண்ட் போனால் பிரிண்டர் ‘பாஸ்டு’, அதாவது நிறுத்தி வைத்த நிலையில் நின்றுவிடலாம். மெயின்டெனன்ஸ் மெனுவில் ரெஸ்யூம் பிரிண்டர் கொடுங்கள். அடிக்கடி நடந்தால், செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸில் பாலிசீஸ் பகுதிக்குப் போய் எர்ரர் பாலிசியை, மறுபடி முயலும் ரீட்ரை-ஜாப் ஆக்குங்கள். விளக்கு மட்டும் மின்னி, தாள் கேட்டுக்கொண்டே இருந்தால் மீடியா சைஸ் லெட்டரில் கிடக்கும். ஏ4 ஆக மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டிரண்டு தாளாக இழுத்து ஜாம் ஆகிறதா? டிரைவரை மாற்ற வேண்டாம். கடற்கரை ஈரத்தைத் தாள் குடித்திருக்கும். பிரித்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்து, டிரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.