சூடான பிறகும் இறங்காத ஐடிலிங்

பழைய பெட்ரோல் கார். சூடானதும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) நிற்க வேண்டிய எஞ்சின் சில நாள் 1800-ல் கத்தும். சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சமர்த்துப் பிள்ளையாகிவிடும், அதுதான் எரிச்சல்.

ஆக்சிலரேட்டர் கேபிள் சரியாக இருந்தது. வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. அப்புறம் ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வைக் கழற்றிக் கார்பன் போகக் கழுவினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை.

துப்பு தற்செயலாகத்தான் கிடைத்தது. எஞ்சின் கத்திக்கொண்டிருந்தபோது த்ராட்டில் பாடிக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) போகும் சின்ன கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஹோஸைத் தொட்டேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. இதுவோ வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இந்த வண்டியில் த்ராட்டிலுக்கு அடியில் மெழுகு வால்வு ஒன்று உண்டு. கூலன்ட் சூட்டில் மெழுகு விரிந்து, குளிர் ஸ்டார்ட்டுக்கான கூடுதல் காற்றை அடைக்கும். சூடே வந்து சேராவிட்டால் எஞ்சின் இன்னும் ஆறிக் கிடப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும்.

நன்றாக ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). முக்கால் லிட்டர் குறைவு. நிரப்பி, முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓடவிட்டேன். கூலன்ட்டை மறித்துக்கொண்டிருந்த காற்று குமிழ்களாகப் பளக் பளக்கென்று வந்து அடங்கியது. சின்ன ஹோஸும் சுட்டது, முள் 800-க்கு இறங்கியது.

கூலன்ட் போன வழி? ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப் ஒன்று தளர்ந்து, அடியில் வெள்ளையாகக் காய்ந்த தடம். ஸ்க்ரூடிரைவரில் இரண்டு சுற்று.