அலமாரிக் கதவு சத்தமில்லாமல் மூட வேண்டுமா? சரியான கேட்ச் தேர்ந்தெடுக்கும் முறை

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். எனக்குக் காலை ஷிஃப்ட். ஐந்து மணிக்குச் சட்டை எடுக்கப் படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்து மூடினால் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், குழந்தை எழுந்துவிடும். அப்புறம் மனைவிக்குத் தூக்கம் ஏது? கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போன நாட்கள் பல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கதவாகச் சரிசெய்தேன். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கேட்ச் என்றால், மூடிய கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் பிடித்து வைக்கும் சின்னப் பொருள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: சத்தம் எங்கே பிறக்கிறது?

கடைக்கு ஓடுவதற்கு முன் கதவின் சத்தத்தைக் கேளுங்கள். கைப்பிடியைப் பிடித்தபடியே மெதுவாக மூடிக்கொண்டு போய், கடைசி ஓர் அங்குலத்தில் கையை விடுங்கள். மரமும் மரமும் மோதினால் 'டொம்' என்று கனமாகக் கேட்கும். காந்தம் இரும்புத் தகட்டைக் கவ்வினால் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். பால் (ball) கேட்சில் குண்டு பள்ளத்தில் விழுவது சின்ன 'க்ளிக்'. சில கதவுகளில் இரண்டு மூன்று சத்தங்கள் சேர்ந்தே வரும்.

படி 2: கீலைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதவைத் திறந்து, கீல் பக்கம் உள்ளே பாருங்கள். கதவில் வட்டமாகக் குழி தோண்டி, அதற்குள் கிண்ணம் மாதிரி ஓர் இரும்புப் பகுதி உட்கார்ந்திருந்தால் அது ஆட்டோ ஹின்ஜ். அதற்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறது. கதவைத் தானே இழுத்து மூடி, மூடியபடியே பிடித்தும் வைக்கும். அந்தக் கதவுக்குத் தனியாகக் கேட்ச் தேவையே இல்லை.

ஆனால் எங்கள் அலமாரியில் ஆட்டோ ஹின்ஜும் இருந்தது, மேலே காந்தக் கேட்சும் இருந்தது. ஸ்பிரிங்கும் உள்ளே இழுக்க, காந்தமும் சேர்ந்து இழுக்க, கதவு அறைந்தது போல் மூடியது. காந்தத்தைக் கழற்றியதுமே பாதிச் சத்தம் போய்விட்டது. செலவு ஒரு பைசா இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் முதலில் காந்தத்தைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் நின்றால் அதை மறுபடி மாட்டாதீர்கள்.

இரண்டு தகடுகளை நடுவில் ஒரு கம்பி இணைக்கும் சாதாரணக் கீல் என்றால் ஸ்பிரிங் கிடையாது. அதற்குத்தான் கேட்ச் வேண்டும். நேராகப் படி 4-க்குப் போகலாம்.

படி 3: ஆட்டோ ஹின்ஜ் என்றால் சாஃப்ட் க்ளோஸுக்கு மாற்றுங்கள்

சாஃப்ட் க்ளோஸ் ஹின்ஜில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன டேம்பரும் இருக்கும். கடைசிச் சில அங்குலங்களில் அது கதவைத் தாங்கிப் பிடித்து மெல்ல உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல செய்தி என்னவென்றால், இவற்றின் கிண்ணம் பெரும்பாலும் 35 மி.மீ. அளவுதான். பழைய குழியிலேயே புதியது உட்காரும். ஹின்ஜைப் பலகையோடு இணைக்கும் அடித்தகட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பழையதோடு புதியது பொருந்தாமல் போகலாம்.

கடையில் 'எந்த கிராங்க்?' என்று கேட்பார்கள். ஹின்ஜ் கையின் வளைவு அளவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கதவு பக்கப் பலகையின் விளிம்பை முழுக்க மூடினால் 0. நடுப்பலகை ஒன்றை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் 8. கதவு சட்டத்துக்கு உள்ளே அமர்ந்தால் 15. சில கம்பெனிகளில் 9, 16 என்று இருக்கும், விஷயம் ஒன்றுதான். ஒரு பழைய ஹின்ஜைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் குழப்பமே வராது.

பரண் கதவு மாதிரி சின்னக் கதவுக்கு எல்லா ஹின்ஜிலும் டேம்பர் வேண்டாம். இரண்டில் ஒன்று போதும். அதிகமானால் கதவு பாதியிலேயே தயங்கி நின்றுவிடும்.

படி 4: சாதாரணக் கீல் கதவுக்கு எந்தக் கேட்ச்?

காந்தக் கேட்ச் எங்கும் கிடைக்கும், மாட்டவும் சுலபம். எல்லோரும் செய்யும் தவறு, இருப்பதிலேயே வலுவானதைக் கேட்டு வாங்குவது. இழுக்கும் வலு கூடினால் அறையும் சத்தமும் கூடும், திறக்கும்போதும் வெடுக்கென்று வரும். கதவைப் பிடித்து வைக்கும் அளவுக்கு வலு இருந்தால் போதும். உடம்பு பிளாஸ்டிக்கில் இருப்பதாக வாங்குங்கள். கதவில் அடிக்கும் இரும்புத் தகட்டை இறுக முடுக்காமல், லேசாக அசையும்படி விடுங்கள். அப்போது தகடு காந்தத்தின் முகத்தோடு ஒட்டிப் படியும், ஓரம் மட்டும் மோதிச் சத்தம் போடாது.

ரோலர் கேட்ச் என் முதல் தேர்வு. நைலான் உருளை வைத்தது. உருண்டு உள்ளே போவதால் சத்தம் மிகக் குறைவு. உலோக உருளை வேண்டாம்.

பித்தளை பால் கேட்ச் பல வருடம் உழைக்கும், ஆனால் க்ளிக் சத்தத்தை முழுதாக ஒழிக்க முடியாது. இரண்டு குண்டு வைத்த வகையில் இரு முனையிலும் சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் பிடி மென்மையாகும்.

கனமான கதவு என்றால் இவற்றோடு ஒரு பிஸ்டன் டேம்பரும் சேர்த்து மாட்டுங்கள். விரல் நீளக் குழாய் மாதிரி இருக்கும். கைப்பிடிப் பக்க மேல் மூலையில், கதவு வந்து அதன் நுனியைத் தொடும்படி பலகையில் திருகினால் ஆயிற்று.

படி 5: இடம் பார்த்து மாட்டுவது

கேட்சின் ஒரு பாதியைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, அதன் முகத்தில் தண்ணீரில் குழைத்த குங்குமத்தைத் துளி தொட்டு வையுங்கள். கதவை மூடித் திறந்தால், மறுபாதி வர வேண்டிய இடத்தில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். அளவு நாடாவைவிட இது நம்பகமானது. பொட்டு வைத்த இடத்தில் தகட்டைப் பிடித்து, ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, 2 மி.மீ. ட்ரில் பிட்டால் முதலில் துளை போடுங்கள். நேரடியாகத் திருகினால் பிளைவுட் விளிம்பு பிளந்துகொள்ளும்.

அடுத்து சிலிக்கோன் பொட்டுகள், அதாவது ரப்பர் மாதிரி மெத்தென்ற சின்ன வட்டங்கள். கைப்பிடிப் பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. மரம் மரத்தில் மோதுவதை இவைதான் தடுக்கும். ஆனால் ஒரு விஷயம்: இந்த ரப்பர் பொட்டு தடிமனாக இருந்தால் காந்தம் தகட்டுக்கு எட்டாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் காந்தத்தின் பிடியை வெகுவாகக் குறைத்துவிடும். கேட்சின் திருகு ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பதே இதற்காகத்தான். திருகைத் தளர்த்திக் காந்தத்தை முன்னே நகர்த்துங்கள். சரியான இடத்தில் கதவை விரலால் தள்ளினால் ரப்பரைத் தொட்டு, அப்படியே நின்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஈரம் குடித்து லேசாக உப்பும். நன்றாக மூடிய கதவு அப்போது உரசினால் கேட்சைக் குறை சொல்லாதீர்கள், கழற்றவும் வேண்டாம். ஆட்டோ ஹின்ஜாக இருந்தால் முன்பக்கத் திருகை அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். சாதாரணக் கீலாக இருந்தால் தை பிறக்கும்வரை காத்திருந்து, பலகை காய்ந்த பிறகு கேட்சை நகர்த்துங்கள்.