“தூக்கம் வரல டாக்டர்” என்றதும் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் என் கிளினிக்கில் மாலை டூட்டி பார்க்கும் புது டாக்டர் தம்பி, தூக்கம் சரியில்லை என்று வந்தவருக்கு ஒரே நிமிடத்தில் அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை) 0.25 மி.கி. எழுதி அனுப்பினார். இருபது வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தையே பார்த்த மாதிரி இருந்தது. காபியைக் குறை, போனைத் தள்ளி வை என்பதெல்லாம் நோயாளிக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

குறட்டையைக் கேட்காமல் மாத்திரை எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

முன்பு என்னிடம் வந்த ஒருவர், மினி லாரி டிரைவர். கழுத்துப் பட்டன் போட முடியாத சட்டை. மூன்று பிரஷர் மாத்திரைக்குப் பிறகும் 160/100. “ராத்திரி நாலு வாட்டி ஒண்ணுக்குப் போறேன் சார், தூக்கமே பத்தல.” சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. மனக்கவலை என்று நானே முடிவுகட்டி அல்பிரசோலம் எழுதினேன். அவர் மனைவி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவே வந்தார். “மாத்திரை போட்டதுலேர்ந்து குறட்டை கூடிப்போச்சு சார். நடுவுல மூச்சே நின்னுடுது. நான்தான் உலுக்கி எழுப்பறேன்.” அதற்குள் பட்டப்பகலில் கண் அசந்து, வண்டி பைபாஸ் தடுப்பில் ஏறியிருந்தது. பம்பரோடு போனது அவர் அதிர்ஷ்டம். என் அதிர்ஷ்டமும்தான்.

இதுதான் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை அரைகுறையாக விழித்துப் பாதையைத் திறக்கிறது. பத்து வினாடி மூச்சு நின்றால் ஒரு கணக்கு. மணிக்கு 30 தடவையைத் தொட்டால் தீவிரம். விழித்தது அவருக்கே தெரியாது, “தூக்கம் பத்தல” என்றுதான் சொல்வார். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதும், அடங்காத பிரஷரும் இதன் கூட்டாளிகள். இந்தத் தொண்டையை இன்னும் தளர்த்தி, காப்பாற்றும் அந்த விழிப்பையும் தாமதப்படுத்துகிற மாத்திரையைத்தான் நான் கொடுத்திருக்கிறேன்.

குறட்டை விட்டால் நிம்மதியான தூக்கம் என்று வீட்டில் சொல்லலாம், நாமும் சேர்ந்து சிரித்தால் எப்படி? ஸ்டாப்-பேங் என்று எட்டே கேள்விகள். குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பிரஷர், உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப யோசியுங்கள். அன்றிலிருந்து என் டிராயரில் ஒரு தையல் டேப் கிடக்கிறது. கழுத்து 40 செ.மீ. தாண்டினால் ஒரு மதிப்பெண், அவருக்கு 44. ஒல்லியானவர், பெண் என்பதற்காக யாரையும் விட்டுவிடவும் வேண்டாம். கூட வந்தவரை உள்ளே கூப்பிடுங்கள்.

கால் குடைச்சலுக்குக் கால்சியம்

படுத்ததும் காலை ஆட்டத் தோன்றுகிறதா, எழுந்து நடந்தால் குறைகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கால்சியம் எழுதாமல் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் அது குறைந்திருக்கலாம்.

ராத்திரியில் நீர் மாத்திரை

சிறுநீரைக் கூட்டும் மாத்திரை அது, ராத்திரி போட்டால் எழுப்பிக்கொண்டே இருக்கும். காலைக்கு மாற்றுங்கள்.

“இன்னைக்கே நிறுத்துங்க”

வருடக்கணக்கில் அல்பிரசோலம் போடுகிறவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். வாரக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துதான், ஆனாலும் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிவிடுகிறார்கள். எத்தனை மாத்திரை என்பதை எண்ணில் மட்டும் எழுதாதீர்கள், எழுத்திலும் எழுதுங்கள். என் சீட்டில் 5 ஒருமுறை 15 ஆகியிருக்கிறது.