இங்கிலாந்தில் வாடகை அறை: கவுன்சிலை வரவழைப்பது எப்படி?

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ அறை பிடித்துத் தங்கும் நம்மவர்களில் பலருக்கு, உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் என்றால் குப்பை வண்டியும் கவுன்சில் வரியும்தான். வாடகை வீட்டைச் சோதித்து வீட்டுக்காரருக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அதே கவுன்சிலுக்குத் தந்திருக்கிறது. ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டுவது அபூர்வம். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது, ஆதாரம் வேண்டும்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழ்ந்தால், அந்த வீட்டுக்கு எச்.எம்.ஓ. (பல குடும்பத்தார் பகிர்ந்து வாழும் வீடு) உரிமம் கட்டாயம். 2018 அக்டோபர் முதல் மாடிகளின் எண்ணிக்கை இதில் பொருட்டல்ல. குழந்தைகளும் கணக்கில் சேர்வார்கள். சித்தப்பா மகன் சட்டப்படி உறவினர்தான். ஊர்ப் பாசத்தில் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறவர் தனிக் குடும்பம். கணவன், மனைவி, அவர்களோடு தனித்தனியாக வந்த மூன்று மாணவர்கள் என்றால் ஐந்து பேர், நான்கு குடும்பங்கள்: உரிமம் தேவை. சில கவுன்சில்கள் மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கும் உரிமம் கேட்கின்றன. உரிமப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கலாம். உங்கள் முகவரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அறையை அளந்து பாருங்கள்

உரிமம் தேவைப்படும் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். இருவர் என்றால் 10.22. நீளம் 2.6, அகலம் 2.4 மீட்டர் என்றால் 6.24 தான் வருகிறது, போதாது. கூரை சரிந்து வரும் மேல்மாடி அறையில், உயரம் 1.5 மீட்டருக்குக் குறைந்த பகுதியை அளவில் சேர்க்கக் கூடாது. புகார் செய்தால் மறுநாளே தெருவில் நிற்க வேண்டி வருமோ என்று பயப்பட வேண்டாம். அறை சிறிதென்று தெரிந்தால், உரிமம் வழங்கும்போது அதைச் சரிசெய்யக் கவுன்சில் 18 மாதம் வரை அவகாசம் தரலாம்.

படம் எடுங்கள், எழுதுங்கள்

பூஞ்சையைத் துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். அலமாரியை நகர்த்தி அதன் பின்சுவரையும், ஜன்னல் ஓரத்தையும், மெத்தையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். பிறகு வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த அறை, என்ன குறை, எப்போதிலிருந்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். அவர் தொலைபேசியில் பதில் சொன்னால், ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள், சரியாகிவிடும்’ என்ற பதில் அநேகமாக எல்லோருக்கும் வரும். அதையும் பத்திரப்படுத்துங்கள்.

புகாரும் சோதனையும்

கவுன்சில் இணையதளத்தில் தனியார் வாடகை வீடுகளுக்கான பிரிவில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வருமுன் பொதுவாகக் குடியிருப்பவருக்கு 24 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டால், அந்த ஓர் இரவில் சுவருக்கு வெள்ளை பூசப்படுவதும் உண்டு. பழைய படங்கள் அப்போதுதான் கைகொடுக்கும். உரிமமில்லா எச்.எம்.ஓ. என்ற சந்தேகம் இருந்தால் முன்னறிவிப்பே தேவையில்லை. அதனால் அந்தச் சந்தேகத்தைப் புகாரிலேயே சொல்லிவிடுங்கள்.

அலுவலர் ஈரம், குளிர், தீ, நெரிசல் முதலிய 29 வகை ஆபத்துகளை வைத்து மதிப்பிடுவார். மிகக் கடுமையான முதல் வகை ஆபத்து என்று முடிவானால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை. இரண்டாம் வகை என்றால் அதன் விருப்பம். பெரும்பாலும், குறைகளைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்குச் சீரமைப்பு அறிவிக்கை வரும். வேலை தொடங்க அது குறைந்தது 28 நாள் தர வேண்டும் என்பதால் பொறுமை தேவை.

கோபத்தில் வெளியே போகச் சொன்னால்

நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை மாற்றி வாடகைதாரரை வெளியேற்றுவது 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்து, நீங்கள் அவரோடு பகிர்ந்து தங்குகிறவர் என்றால் மட்டும் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. இதைப் புகாருக்கு முன்பே யோசியுங்கள்.

உரிமமில்லாத வீடாக இருந்தால், செலுத்திய வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். அங்கே ரொக்கமாகக் கொடுத்தவர்கள்தான் திணறுகிறார்கள். வங்கி வழியாகச் செலுத்துங்கள். வீட்டுக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்றால், கொடுத்த அன்றே ‘இந்த மாத வாடகை இவ்வளவு கொடுத்தேன்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் பதிலோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.