தத்துவக் கட்டுரை எழுதுவது எப்படி? ஒரு பொய்யை வைத்துப் படிப்படியாக

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு மாலையில் கல்லூரி மாணவர்கள் சிலர் கட்டுரையோடு வருவார்கள். "ஆதிகாலம் தொட்டே மனிதன் உண்மையைத் தேடி வந்திருக்கிறான்" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். பென்சிலை எடுத்து அந்தப் பத்தியை அடித்துவிடுவேன். கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் வராது. உங்கள் முதல் பத்தியையும் இப்படி அடித்துப் பாருங்கள்.

'பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

படி 1: உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "பொய்யைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன" என்பதை யாராலும் மறுக்க முடியாது. அதுதான் அதன் கோளாறு. "உயிரைக் காக்கச் சொல்லும் பொய் தவறாகாது" என்றால் சண்டைக்கு ஆள் வரும். அதை எழுதுங்கள். இவ்வளவு சின்னதா என்று கவலைப்பட வேண்டாம்.

படி 2: கைக்கெட்டும் எடுத்துக்காட்டு ஒன்று. காசிமேட்டில் உங்கள் வீடு. கந்துவட்டிக்காரனின் அடியாள் கத்தியோடு வாசலில் நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சமையலறையில் ஒளிந்திருக்கிறார். "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். "துறைமுகத்துக்குப் போய்விட்டார்" என்கிறீர்கள்.

படி 3: எதிராளியை அவருடைய முழு பலத்தோடு நிறுத்துங்கள். இது நமக்குப் புதிதல்ல. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல், பிறர் கொள்கையைப் பரபக்கம் என்ற பகுதியில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகுதான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. நம் கேள்விக்கு எதிராளி ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட். 1797இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். வாயே திறக்காமல் இருந்தால் என்ன என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆம், இல்லை என்று சொல்லியே தீர வேண்டிய நிலையைத்தான் அவர் பேசுகிறார். அவர் வாதத்தைக் காசிமேட்டுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக உண்மையிலேயே துறைமுகத்துக்கு ஓடிவிடுகிறார். உங்கள் பேச்சை நம்பிப் போனவன் அங்கே அவரைப் பிடித்துவிடுகிறான். அந்தச் சாவில் உங்களுக்கும் பங்குண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் இல்லை.

"கான்ட் கல்நெஞ்சக்காரர்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

படி 4: பதில் சொல்லுங்கள். எதிர்பாராமல் நடந்ததற்குப் பொய் சொன்னவர் பொறுப்பென்றால், நன்றாகத் தெரிந்தே சொன்ன உண்மையால் வந்த சாவுக்கு உண்மை சொன்னவர் ஏன் பொறுப்பில்லை? இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கம் தானாக வரும்.

படி 5: சொற்களைக் கட்டிப்போடுங்கள். அதிகம் சறுக்குவது இங்கேதான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிற 292ஆம் குறளைக் கொண்டுவந்து கான்டை வீழ்த்திவிட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய குறளிலேயே வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லிவிட்டார்: தீமை இல்லாத சொல். கான்ட் பேசுவதோ மனத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது. ஒருவர் வாய்மை என்கிறார், மற்றவர் உண்மை என்கிறார். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் வராத சண்டையைத் தீர்த்து வைத்ததாக ஆகும். இன்னொன்று: குறள் சொல்கிறது என்பது காரணம் ஆகாது. ஏன் சொல்கிறது என்று நீங்கள் எழுதுவதுதான் காரணம்.

படி 6: எழுத்துப் பிழை பாருங்கள். பக்க எண் போடுங்கள்.

படி 7: தத்துவம் படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு மாணவி, மீன் விற்றுவிட்டு வந்த தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார்: "எல்லாம் சரி. கத்தி இல்லாமல், கொடுத்த கடனைக் கேட்டு ஒருவன் வந்து நின்றால்? அவனுக்கும் அதே பொய்தானா?"

மறுநாள் மாடிக்கு வந்தவள் முதல் படியில் எழுதிய வாக்கியத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள்.