ஏரிச் சேற்றில் சுரங்கத்தின் தடயம் தேடுவது எப்படி

பல்லாவரம் பக்கத்து ஏரியில் மேல்சேற்றை ஒரு டப்பாவில் அள்ளி லேபில் கொடுத்துவிட்டு, உலோக அளவு என்று வந்த எண்ணை வைத்து 'கல்குவாரிதான் காரணம்' என்று ப்ராஜெக்ட் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். அந்த ஒற்றை எண்ணால் ஒன்றும் தெரியாது. அதே ஏரியின் ஆழத்தில் கிடக்கும் பழைய சேற்றோடு ஒப்பிட்டால்தான் கதை வெளியே வரும்.

முதலில் எந்தச் சுரங்கம் என்று பாருங்கள். செம்பு, ஈயம், துத்தநாகம் எடுக்கும் இடங்களில் சல்பைடு தாதுக்கள் (கந்தகம் சேர்ந்தவை) காற்றும் நீரும் பட்டு அமிலமாகி உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடும். ஏரிக்கு வந்து அமிலத்தன்மை குறைந்ததும் இரும்புத் துருவோடும் களிமண்ணோடும் ஒட்டி அடியில் படியும். உருக்காலைப் புகை இன்னொரு வழி: கனடாவின் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் புகைபோக்கி கட்டியதும் ஊருக்குள் காற்று தேறியது, புகை தூரத்து ஏரிகளுக்குப் போனது. நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பாறை சார்னோகைட். சல்பைடு குறைவு, அமில நீருக்கு வாய்ப்பும் குறைவு. குவாரித் தூசி வண்டலைக் கூட்டும், அவ்வளவுதான். சேற்றில் குரோமியம் அதிகமிருந்தால் குவாரியைத் திட்டுவதற்கு முன், குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே ஒரு குரோம் தோல் ஆலையால் வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மண் எடுக்கலாம். நம்ம ஏரிகளில் பெரிய தலைவலி தூர்வாருதல். பொக்லைன் இறங்கிய இடத்தில் அடுக்கு கலைந்திருக்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும் கரையோரமும் உதவாது. ஊர்ப் பெரியவர்களிடம் எங்கே வாரினார்கள் என்று கேட்டுவிட்டு, அனுமதி வாங்கி, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு இறங்குங்கள். முனை கூராக்கிய பிவிசி குழாயை நேராக அழுத்தி, மேல்வாயை மூடி, மெல்ல இழுத்து, நீருக்குள் இருக்கும்போதே அடிவாயையும் மூடுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

1 செ.மீ. துண்டுகளாகப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி, குழாயோடு உரசிய ஓரத்தைத் தள்ளிவிடுங்கள். நான் முதல் தடவை எஃகுக் கத்தியால் வெட்டி, நிக்கலும் குரோமியமும் எங்கிருந்து வந்தன என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பித்தளைச் சல்லடையும் வேண்டாம். நைலானில் 63 மைக்ரான் சலியுங்கள்.

அப்புறம் கணக்கு. களிமண் அதிகமானால் உலோகமும் தானாகக் கூடும், அதனால் களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஆழத்தில் ஈயம் கிலோவுக்கு 20 மி.கி., அலுமினியம் 5%. மேலே ஈயம் 48, அலுமினியம் 8% என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 2.4 மடங்கு. வகுத்தால் மேலே 6, கீழே 4, அதாவது வெறும் 1.5 மடங்கு. 2-க்குக் கீழே இருந்தால் பொதுவாக யாரும் பெரிதாக எடுப்பதில்லை. எல்லாத் துண்டையும் ஒரே அமில முறையில் கரைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்த வகுத்தலே வீண்.

எந்த அடுக்கு எந்தக் காலம் என்று தெரிய, ஈயத்தின் கதிரியக்க வகையான ஈயம்-210 அளக்கலாம். அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 22 ஆண்டு, 100-150 ஆண்டு வரைதான் பின்னால் போக முடியும். கீழே போகப் போக அளவு சீராகக் குறையாமல் தாறுமாறாக இருந்தால், அங்கே யாரோ தூர்வாரியிருக்கிறார்கள். வேறு இடம் பாருங்கள்.

ஆர்சனிக்கில் மட்டும் ஏமாறாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் கரைந்து, மேலே ஏறி, மறுபடி இரும்போடு படிந்துகொள்ளும் குணம் அதற்கு. மேல் சில செ.மீ.யில் ஆர்சனிக் எகிறினால் இரும்பு, மாங்கனீசு வரைபடங்களையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே ஆழத்தில் ஏறியிருந்தால் சுரங்கத்தின் மேல் பழி போடும் வரியை அடித்துவிடுங்கள்.